எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும்: காலாவதியான ஒரு வாக்கியம்

"எச்.ஐ.வி. இருக்கிறவங்களுக்கு ஹெபடைட்டிஸ் சி-யும் வந்துட்டா வைத்தியம் பண்றது ரொம்பக் கஷ்டம்."

2010 வாக்கில் எந்தக் கல்லீரல் மருத்துவரிடம் இதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பார். அன்றைக்கு அது உண்மை. இன்றைக்கு உண்மை இல்லை. ஆனால் வாக்கியம் மட்டும் இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது. என் தொழிலில் இதைப் பழைய டாக்குமெண்டேஷன் என்போம். கோடு எப்போதோ மாறியிருக்கும், கையேடு மாறியிருக்காது, புதிதாக வருபவர் கையேட்டை நம்பி உட்கார்ந்திருப்பார். மென்பொருளில் இதனால் ஒரு நாள் வேலை வீணாகும். இங்கே வீணாவது கல்லீரல்.

அந்த வாக்கியம் ஏன் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது, எது அதை மாற்றியது, மாறிய பிறகும் கவனிக்க வேண்டியது என்ன என்று படித்துத் தொகுத்த குறிப்புகள் இவை. நான் மருத்துவர் இல்லை, பி.இ. படித்த ஆள். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மருத்துவரிடம் சரியான கேள்வி கேட்க இது உதவினால் போதும்.

இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி?

எச்.ஐ.வி. பரவும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: உடலுறவு, ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு. ஹெபடைட்டிஸ் சி-க்கும் இதே மூன்று வழிகள் உண்டு, ஆனால் விகிதம் வேறு. அது முக்கியமாக ரத்தம் வழியாகப் பரவும் வைரஸ். ஆண்-பெண் உடலுறவில் பரவுவது மிகக் குறைவு.

அதனால், ஓர் ஊரில் எச்.ஐ.வி. எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்து அங்கே இரண்டும் சேர்ந்திருப்பவர்களின் எண்ணிக்கை மாறும். தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பெரும்பாலும் உடலுறவு வழியாகப் பரவியது. இங்கே இரட்டைத் தொற்று ஒப்பீட்டளவில் குறைவு. மணிப்பூரில் கதை வேறு. மியான்மர் எல்லை, ஹெராயின், பகிர்ந்துகொண்ட ஊசி. ஒரே ஊசியில் இரண்டு வைரஸும் பயணம் செய்தன. இன்னொரு குழு, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய தலசீமியா, ஹீமோபிலியா நோயாளிகள். ஹெபடைட்டிஸ் சி வைரஸை அடையாளம் கண்டதே 1989-ல்தான். இந்தியாவில் ரத்த வங்கிகள் அதற்கான பரிசோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்று ஆனது 2001-ல். அதற்கு முன் ஏற்றப்பட்ட ரத்தத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

உலக அளவில், எச்.ஐ.வி. உள்ளவர்களில் சுமார் 23 லட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் சி தொற்றிய அடையாளம் இருக்கிறது என்று 2016-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பு சொன்னது. அதில் பாதிக்கும் மேல் ஊசிப் போதைப் பழக்கம் உள்ளவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒன்று குணமாகிறது, இன்னொன்று ஏன் ஆகவில்லை?

நான் இதைப் படிக்க ஆரம்பித்ததே இந்தக் கேள்வியால்தான். இரண்டும் ஆர்.என்.ஏ. வைரஸ்கள். இரண்டும் வேகமாக உருமாறுபவை. ஒன்றை 12 வாரத்தில் உடம்பை விட்டே துரத்திவிடலாம். இன்னொன்றுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை. ஏன்?

பதில், வைரஸ் தன் நகலை எங்கே வைக்கிறது என்பதில் இருக்கிறது.

எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.-வை டி.என்.ஏ.-வாக மாற்றி எழுதுகிறது. பிறகு அதை நம் செல்லின் சொந்த டி.என்.ஏ.-வுக்குள் ஒட்டிவிடுகிறது. அப்படி ஒட்டப்பட்ட செல்களில் சில வருடக்கணக்கில் சத்தமில்லாமல் தூங்கும். மருந்து, பெருகும் வைரஸைத்தான் தடுக்கும். தூங்குவதைத் தொட முடியாது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் வைரஸ் திரும்பிவிடும். கணினி மொழியில் சொன்னால், ஹார்ட் டிஸ்கில், அதுவும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு உள்ளேயே எழுதப்பட்ட வைரஸ் இது.

ஹெபடைட்டிஸ் சி அப்படி இல்லை. சுமார் 9,600 எழுத்துகள் கொண்ட சின்ன ஆர்.என்.ஏ. அது. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் நுழைவதே இல்லை. டி.என்.ஏ. என்ற கட்டமே அதன் வாழ்க்கையில் கிடையாது. நகல் எடுப்பது, புரதம் செய்வது எல்லாம் உட்கருவுக்கு வெளியே நடக்கிறது. ரேமில் மட்டும் ஓடும் புரோகிராம் மாதிரி. ஓடிக்கொண்டே இருக்கும்வரைதான் உயிர். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் கோடி வைரஸ்கள் உற்பத்தியாகும். ஆனால் ரத்தத்தில் அவற்றின் அரை ஆயுள் மூன்று மணி நேரம்கூட இல்லை. உற்பத்தியைச் சில வாரங்கள் முழுக்க நிறுத்திவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. திரும்பி வர எங்கேயும் காப்பி இல்லை.

அதனால்தான் ஹெபடைட்டிஸ் சி விஷயத்தில் மருத்துவர்கள் தைரியமாகக் 'குணம்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்தும் ரத்தத்தில் வைரஸ் இல்லையென்றால் அதைக் குணம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வரிசையில் மூன்றாவதாக ஒருவர் உண்டு: ஹெபடைட்டிஸ் பி. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் சி-க்கும் அதற்கும் சொந்தமே இல்லை. அது உட்கருவுக்குள் ஒரு டி.என்.ஏ. பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அவர் கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவார்.

சேர்ந்திருந்தால் என்ன ஆகும்?

ஹெபடைட்டிஸ் சி தொற்றியவர்களில் சுமார் 30% பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடும். மீதிப் பேருக்கு நாள்பட்ட நோயாகத் தங்கிவிடும். அறிகுறி பெரிதாக எதுவும் இருக்காது. மஞ்சள் காமாலைகூட எல்லோருக்கும் வராது. உள்ளே கல்லீரலில் மட்டும் தழும்பு மேல் தழும்பாக விழுந்துகொண்டிருக்கும். 20 வருடத்தில் 15 முதல் 30% பேருக்கு அது சிரோசிஸ் ஆகும். அதாவது கல்லீரல் இறுகி, முடிச்சு முடிச்சாகி, வேலை செய்யும் திறனை இழக்கத் தொடங்கும். அங்கிருந்து கல்லீரல் புற்றுநோய் ரொம்ப தூரம் இல்லை.

கூடவே எச்.ஐ.வி. இருந்தால் இந்தக் கதை வேகமாக ஓடும். தானாகப் போய்விடும் வாய்ப்பு குறைகிறது. ரத்தத்தில் வைரஸ் அளவு கூடுகிறது. சிரோசிஸ் வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதில் ஒரு கொடுமையான முரண் இருக்கிறது. 1996-ல் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. அதுவரை எய்ட்ஸால் சீக்கிரமே இறந்துகொண்டிருந்தவர்கள் பிழைத்து வாழ ஆரம்பித்தார்கள். சில வருடங்கள் கழித்து அவர்களில் கணிசமானவர்கள் கல்லீரல் நோயில் இறக்க ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் ஹெபடைட்டிஸ் சி தன் வேலையை முடிக்க 20 வருடம் ஆகும், அதற்கு முன்பே எச்.ஐ.வி. முந்திக்கொள்ளும். இப்போது அந்த 20 வருடமும் கிடைத்துவிட்டது.

இன்டர்ஃபெரான் காலம்

அன்றைக்கு இருந்த ஒரே சிகிச்சை, வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை. 48 வாரம்.

இன்டர்ஃபெரான் வைரஸை நேரடியாகத் தாக்குவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிறது. ஊசி போட்ட அன்று ஃப்ளூ வந்தது போலக் காய்ச்சல், உடம்பு வலி. நாள்பட மனச்சோர்வு, சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரை போகும். வெள்ளணுக்கள் குறையும். ரிபாவிரின் தன் பங்குக்குச் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையைக் கொண்டுவரும்.

எச்.ஐ.வி. உள்ளவரிடம் இதையே கொண்டு போனால்? தட்டி எழுப்ப வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அங்கே அடிபட்டுக் கிடக்கிறது. சி.டி.4 எண்ணிக்கை இன்னும் குறையும். எச்.ஐ.வி.க்கு அன்றைக்குப் பரவலாகக் கொடுத்த ஸிடோவுடினும் ரத்தசோகை தரும், ரிபாவிரினும் தரும். இரண்டும் சேர்ந்தால் ஹீமோகுளோபின் சரிந்துவிடும். டிடனோசின் என்ற மருந்தோடு ரிபாவிரின் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

பலன்? 19 நாடுகளில் 868 பேரை வைத்துச் செய்த ஏப்ரிகாட் ஆய்வு 2004-ல் வெளியானது. இரட்டைத் தொற்று உள்ளவர்களில் குணமானவர்கள் 40%. முதல் மரபணு வகை வைரஸ் இருந்தவர்களில் வெறும் 29%. எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு இதே சிகிச்சை பாதிக்கு மேல் பலன் தந்தது. ஒரு வருடம் சித்திரவதை, பத்தில் ஆறு பேருக்குத் தோல்வி. 'கஷ்டம்' என்று மருத்துவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. பலரை 'பொறுத்துப் பார்க்கலாம்' என்று திருப்பி அனுப்பியதுகூட அன்றைய நிலைமையில் நியாயம்தான்.

2013: வைரஸின் கையைப் பிடித்த மருந்து

டிசம்பர் 2013-ல் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் அனுமதி பெற்றது. அதன் வேலை எளிமையாகப் புரியும். வைரஸ் தன் ஆர்.என்.ஏ.-வை எழுத்து எழுத்தாக நகல் எடுக்கிறது. சோஃபோஸ்புவிர் அந்த எழுத்துகளில் ஒன்றைப் போலவே வேஷம் போட்டு வரிசையில் போய் நிற்கும். நகல் எடுக்கும் என்சைம் ஏமாந்து அதை எடுத்துக் கோக்கும். அதற்குமேல் அடுத்த எழுத்து ஒட்டாது. நகல் அங்கேயே நின்றுவிடும்.

எச்.ஐ.வி. மருந்துகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது பழகிய தந்திரம். டெனோஃபோவிர் எச்.ஐ.வி.யிடம் செய்வதும் இதுதான். எச்.ஐ.வி.யிடம் பெருக்கத்தை நிறுத்தினால் கட்டுப்பாடு கிடைக்கிறது. சி-யிடம் அதையே செய்தால் குணமே கிடைக்கிறது. காரணம் மேலே பார்த்த ரேம், ஹார்ட் டிஸ்க் வித்தியாசம்தான்.

ஒரே மருந்து என்றால் வைரஸ் உருமாறித் தப்பிக்கப் பார்க்கும். அதனால் கூட இன்னொன்று சேர்ப்பார்கள்: டக்ளடாஸ்விர், லெடிபாஸ்விர், வெல்படாஸ்விர். இவை மூன்றும் என்.எஸ்.5ஏ என்ற வேறொரு வைரஸ் புரதத்தைப் பிடிப்பவை.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த மருந்துகள் எதிர்ப்புச் சக்தியின் தயவை எதிர்பார்த்து நிற்பவை அல்ல. வைரஸை நேரடியாகப் பிடிக்கின்றன. அப்படியென்றால் எச்.ஐ.வி. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆய்வு முடிவுகளும் அதையேதான் சொல்லின. இரட்டைத் தொற்று உள்ள 335 பேருக்கு 12 வாரம் சோஃபோஸ்புவிர்-லெடிபாஸ்விர் கொடுத்த ஆய்வில் 96% பேர் குணமானார்கள். சோஃபோஸ்புவிர்-வெல்படாஸ்விர் கொடுத்த 106 பேரில் 95%. எச்.ஐ.வி. இல்லாதவர்களின் எண்ணுக்குப் பக்கத்தில்தான் இவை. சோஃபோஸ்புவிர்-டக்ளடாஸ்விர் ஆய்வு இன்னொரு விஷயத்தையும் காட்டியது. புதிதாகச் சிகிச்சை எடுத்தவர்களில் 12 வாரம் எடுத்தால் 97%, 8 வாரத்தில் நிறுத்தினால் 76%. ஆக, காலத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

40%-லிருந்து 95%. ஊசி இல்லை. தினம் ஒரு முறை மாத்திரை. 'தனி வகை நோயாளிகள்' என்ற பிரிவே இங்கே அர்த்தமிழந்துவிட்டது.

விலை

இங்கே ஒரு பெரிய 'ஆனால்'. அமெரிக்காவில் அறிமுக விலை 84 மாத்திரைக்கு 84,000 டாலர். கணக்கு எளிது, ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். 12 வார மருந்தைத் தயாரிக்க எவ்வளவு செலவாகும் என்று 2014-ல் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது வந்த தொகை 68 முதல் 136 டாலர்.

அதே 2014 செப்டம்பரில் கிலியட் நிறுவனம் ஏழு இந்தியத் தயாரிப்பாளர்களுக்கு உரிமம் கொடுத்தது. 91 நாடுகளுக்கு அவர்கள் விற்கலாம். 2015-லிருந்து இந்தியச் சந்தையில் போட்டி. விலை மளமளவென்று சரிந்தது. இன்று வளரும் நாடுகளின் அரசுத் திட்டங்களுக்கு முழுச் சிகிச்சைக்கான மருந்து 60 டாலருக்கே கிடைக்கும் நிலை.

28 ஜூலை 2018 அன்று இந்திய அரசு தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பரிசோதனை, மருந்து இரண்டும் இலவசம். சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு சோஃபோஸ்புவிர்-டக்ளடாஸ்விர் 12 வாரம். சிரோசிஸ் இருந்தும் கல்லீரல் தாக்குப்பிடித்தால் சோஃபோஸ்புவிர்-வெல்படாஸ்விர் 12 வாரம். கல்லீரல் செயலிழக்கத் தொடங்கியிருந்தால், அதாவது வயிற்றில் நீர் கோத்தல், ரத்த வாந்தி போன்றவை வந்திருந்தால், சிகிச்சை முறை வேறு. அதைப் பெரிய மருத்துவமனையில்தான் பார்க்க வேண்டும்.

அப்போ எச்.ஐ.வி. இருப்பதால் வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது. முன்பு மருந்து வேலை செய்யுமா என்பதே சந்தேகம். இப்போது கவனம் வேறு இடத்துக்குப் போய்விட்டது: ஒரு மருந்துக்கும் இன்னொரு மருந்துக்கும் ஒத்துப்போகுமா?

கல்லீரலில் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் என்சைம்கள் இருக்கின்றன. துப்புரவுப் பணியாளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. மருந்துகளில் சில, இந்தப் பணியாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிடும், எஃபாவிரென்ஸ் அப்படி. அப்போது டக்ளடாஸ்விர் வேகமாக வெளியேறிவிடும், ரத்தத்தில் அளவு போதாது. வேறு சில, பணியாளர்களுக்கு லீவு கொடுத்துவிடும்; ரிடோனவிர் சேர்த்த அடாசனவிர் அப்படி. அப்போது டக்ளடாஸ்விர் தேங்கிவிடும்.

நடைமுறையில் இதன் அர்த்தம்:

டோலுடெகிராவிர் எடுப்பவர்: டக்ளடாஸ்விரின் வழக்கமான அளவான 60 மில்லிகிராமே போதும். வெல்படாஸ்விரும் எடுக்கலாம்.

எஃபாவிரென்ஸ் எடுப்பவர்: டக்ளடாஸ்விரை 90 மில்லிகிராமாகக் கூட்ட வேண்டும். வெல்படாஸ்விர் கூடவே கூடாது. தேவைப்பட்டால் முதலில் எச்.ஐ.வி. மருந்தை மாற்ற வேண்டும்.

ரிடோனவிர் சேர்த்த அடாசனவிர் எடுப்பவர்: டக்ளடாஸ்விரை 30 மில்லிகிராமாகக் குறைக்க வேண்டும்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்: இந்த மருந்துகள் எதையும் சேர்க்கக் கூடாது. முதலில் காசநோய்ச் சிகிச்சை முடியட்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் காசநோய் அதிகம் என்பதால் இது நம் நாட்டில் ரொம்ப முக்கியம்.

நல்ல செய்தி, இந்தியாவில் எச்.ஐ.வி. சிகிச்சையே டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரைக்கு மாறிவிட்டது. ஏ.ஆர்.டி. மையங்களில் பெரும்பாலானவர்கள் எடுப்பது அதுதான். அவர்களுக்கு மேலே உள்ள பட்டியலில் முதல் வரியோடு வேலை முடிந்தது. வெல்படாஸ்விர் சேரும்போது டெனோஃபோவிரின் அளவு ரத்தத்தில் கொஞ்சம் கூடும் என்பதால், சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் கிரியாட்டினின் பார்த்துக்கொள்வார்கள். அல்சருக்கும் நெஞ்செரிச்சலுக்கும் எடுக்கும் மாத்திரைகள் வெல்படாஸ்விரை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். 'அது சாதாரண கேஸ் மாத்திரைதானே' என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடக் கூடாது.

இன்னும் மூன்று விஷயங்கள்.

ஒன்று, எது முதலில்? சி.டி.4 ரொம்பக் குறைவாக, 200-க்குக் கீழே இருந்தால், பொதுவாக எச்.ஐ.வி. சிகிச்சையை முதலில் தொடங்கி, அது நிலைப்பட்டதும் ஹெபடைட்டிஸ் சி-க்கு வருவார்கள். ஏற்கெனவே ஏ.ஆர்.டி. எடுத்துக்கொண்டிருப்பவர், மருந்துகள் மோதுமே என்று பயந்து அதை நிறுத்திவைக்கவே கூடாது. ஒத்துப்போகாவிட்டால் மாற்றுவார்கள்; நிறுத்துவது வழி இல்லை.

இரண்டு, அந்த மூன்றாவது ஆள். ஹெபடைட்டிஸ் பி உட்கருவுக்குள் பதுங்கியிருக்கலாம். சி பெருகும்போது பி அடங்கியிருக்கும். சி-யைத் துரத்தியதும் பி தலைதூக்கிக் கல்லீரலைத் தாக்கிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காக 2016-ல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. அதனால் சிகிச்சைக்கு முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை அவசியம். இங்கே எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம்: அவர்கள் எடுக்கும் டெனோஃபோவிரும் லாமிவுடினும் பி-யையும் அடக்கும். ஏ.ஆர்.டி.யை நிறுத்தாமல் இருக்க இன்னொரு காரணம்.

மூன்று, பரிசோதனை. முதலில் பார்ப்பது ஆன்டிபாடி, அதாவது உடம்பு வைரஸைச் சந்தித்ததற்கான அடையாளம். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களிடம், வைரஸ் இருந்தாலும் ஆன்டிபாடி வராமல் போகலாம். சந்தேகம் இருந்தால் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் தீர்ப்புச் சொல்லும்.

84 மாத்திரை, ஒரே பையில்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-ல், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவால். அவருடைய மகன் சுனில் சாலமன் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹெபடைட்டிஸ் சி ஆய்வு செய்கிறார். சோஃபோஸ்புவிர் வந்த புதிதில் அவர் குழு சென்னையில் போதைப் பழக்கம் இருந்த 50 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. அதில் மாத்திரையை ஒருவர் கண்முன்னால் விழுங்க வைத்தார்கள். இப்படிப்பட்டவர்கள் ஒழுங்காக மருந்து சாப்பிடுவார்களா என்பது அப்போது எல்லோருக்கும் இருந்த சந்தேகம்.

சில வருடங்கள் கழித்து அவரே தலைமை தாங்கிய மின்மான் ஆய்வு அந்தச் சந்தேகத்தை நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து சோதித்தது. பிரேசில், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து, உகாண்டா, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 399 பேர். அதில் சுமார் 42% பேருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தது. மரபணு வகைப் பரிசோதனை கிடையாது. 84 மாத்திரைகளையும் முதல் நாளே கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நடுவில் வரச் சொல்லவில்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. நாலாவது வாரம் ஒரு முறை விசாரிப்பு, 22-வது வாரம் கடைசிப் பரிசோதனைக்கு நினைவூட்டல். அவ்வளவுதான். குணமானவர்கள் 379 பேர், 95%.

கல்லீரல் செயலிழந்தவர்கள், ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதில் இல்லை. அது முக்கியம். ஆனாலும் இந்த எண் சொல்லும் விஷயம் பெரிது. திரும்பத் திரும்ப வரச் சொன்னது, காத்திருக்க வைத்தது, டெஸ்ட் மேல் டெஸ்ட் எழுதியது எல்லாம் மருந்துக்குத் தேவைப்பட்டதை விட நம் அமைப்புக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது. தினக்கூலிக்குப் போகிற ஒருவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் சம்பளம். பாதியில் விட்டுவிட்டார் என்றால், அவர் எத்தனை முறை அலைய வேண்டியிருந்தது என்றும் கேட்க வேண்டும்.

இதே காரணத்தால்தான், இன்னமும் ஊசிப் போதைப் பழக்கத்தில் இருப்பவர்களுக்கும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. 'முதலில் பழக்கத்தை விட்டுட்டு வா' என்பதும் பழைய டாக்குமெண்டேஷன்தான். இரட்டைத் தொற்று உள்ளவர்களில் பாதிக்கு மேல் அவர்கள் என்று மேலே பார்த்தோம். அவர்களை விட்டுவிட்டு யாரைக் குணப்படுத்துவது?

நெதர்லாந்து இதற்கு நல்ல உதாரணம். அங்கே 2015 இறுதியில் எல்லோருக்கும் மருந்து கிடைக்க ஆரம்பித்தது. ஆணோடு உறவு கொள்ளும், எச்.ஐ.வி. உள்ள ஆண்களிடம் புதிய ஹெபடைட்டிஸ் சி தொற்று 2014-க்கும் 2016-க்கும் இடையில் 51% குறைந்தது. ஒருவரைக் குணப்படுத்தினால் அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும் பாதையும் மூடுகிறது.

குணமான பிறகு

ஆன்டிபாடி பரிசோதனை ஆயுளுக்கும் பாசிட்டிவ் என்றுதான் காட்டும். அது பழைய அடையாளம், நோய் அல்ல. வேலைக்கோ, அறுவைச் சிகிச்சைக்கோ போகும் இடத்தில் இதை வைத்துக் குழப்புவார்கள். கடைசியாக எடுத்த ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

குணமானதால் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. மறுபடி தொற்றலாம். தொற்றினால் மறுபடி சிகிச்சை எடுக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சுத்தமான ஊசி, ஆணுறை இரண்டும் தொடர வேண்டும். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி இன்றுவரை இல்லை.

சிரோசிஸ் வந்துவிட்டிருந்தால், வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கல்லீரல் ஸ்கேன் தொடர வேண்டும். புற்றுநோய் ஆபத்து குறையும், பூஜ்ஜியம் ஆகாது. தழும்பு விழுவதற்கு முன்பே சிகிச்சை எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அதில் இருந்தால், அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போது அவர் கேட்க வேண்டியவை இவை:

எனக்கு ஹெபடைட்டிஸ் சி ஆன்டிபாடி பார்த்தாயிற்றா? பாசிட்டிவ் என்றால் ஆர்.என்.ஏ. பார்த்தீர்களா?

ஹெபடைட்டிஸ் பி பார்த்தாயிற்றா?

நான் எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றோடும், காசநோய் மருந்து, கேஸ் மாத்திரை, நாட்டு மருந்து உட்பட, இது ஒத்துப்போகுமா?

சிரோசிஸ் இருக்கிறதா, இல்லையா?

இதற்குப் பதிலாக யாராவது "எச்.ஐ.வி. இருக்கே, அதனால கஷ்டம், பார்க்கலாம்" என்று சொன்னால், தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்தின் சிகிச்சை மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டு அங்கே போகச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வது 2010-ல் சரி. இப்போது 12 வாரம், 84 நாள்.